எட்டுப் பாட்டிலும் என் பெயர்

தம்பி நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்க்கும் நண்பர்களுக்கும், மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட அண்ணன் எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுக்கவும்.

தம்பி பிறந்தது உறுவையாறு கிராமத்தில். தகப்பனார் சீக்கிரமே போய்விட, கரும்பு வண்டி ஓட்டி அவரைப் படிக்க வைத்தவன் நான். பிறகு சொந்த லாரி, மதகடிப்பட்டில் மைக்செட் கடை என்று தனியாளாக நான் வளர்ந்ததை ஊரறியும். தம்பி வில்லியனூரில் வாத்தியார். கூடவே, புதுவையில் வந்த ஒரு மாதப் பத்திரிகையில் புது இசைத்தட்டுகளுக்கு விமரிசனம் எழுதினார். ஆப்பிரிக்கக் கொட்டு, பிரான்சு நாட்டுக் குடியானவர் பாட்டு என்று தபாலில் தட்டுகள் வரும். கெட்டதை யார் முகத்துக்காகவும் நல்லது என்று எழுதமாட்டார்.

ஒரு வருடம் பட்டணத்து இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று எங்கள் பக்கத்து நடவுப் பாட்டைப் பதிவு செய்ய வந்தது. வயல் என்னுடையது, பெண்களைக் கூட்டி வந்தவனும் நான். வரப்பில் யார் வந்து நின்றாலும் அவர் பெயரைப் பாட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு வாங்காமல் விடமாட்டார்கள். நான் அன்று முழுக்க வரப்பை விட்டு இறங்கவில்லை. எட்டுப் பாட்டிலும் என் பெயர் ஏறிவிட்டது. தட்டு வந்ததும் கடை ஹாரன் ஸ்பீக்கரில் தினமும் போட்டேன்.

அதே தட்டு விமரிசனத்துக்குத் தம்பியிடம் போனது. கடைக்கு வந்தார்.

"அண்ணே, எதப் போட்டாலும் உன் பேர்தான் கேக்குது. இன்னா எழுதறது?"

"மனசுல பட்டத எழுதுடா. எனக்கு இன்னா பயம்?"

பயம்தான். அந்த மாதம் சோறு இறங்கவில்லை. பத்திரிகை வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'எட்டுப் பாட்டிலும் ஒருவர் பெயரே வருகிறது. அது பாடிய பெண்களின் குறையல்ல, வரப்பில் நின்றவர் நகராத குறை. அவர் என் அண்ணன்.' பக்கம் முடிந்தது. மூடி வைத்தவன் இரண்டு வருடம் தம்பியோடு பேசவில்லை.

பிறகு தம்பி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வராந்தாவில் தம்பி மனைவியிடம், "மானத்த வாங்கிட்டான்மா, அதான் பேசல" என்றேன்.

"மாமா, அடுத்த பக்கம் படிச்சீங்களா?"

"அடுத்த பக்கம் ஏது?"

மறுநாள் பத்திரிகையைக் கொண்டுவந்து திருப்பிக் காட்டினார். 'அவர் கரும்பு வண்டி ஓட்டியதால் நான் படித்தேன். அவர் இல்லையென்றால் இந்தக் குரல்கள் வயலோடு போயிருக்கும். அடுத்த தட்டுக்கும் அவரையே கூப்பிடுங்கள். வரப்பில் மட்டும் நிற்க விடாதீர்கள்.'

தம்பியின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் திறக்காமலே போய்விட்டால் நான் படித்தது அவருக்குத் தெரியாதே என்று கட்டிலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்தார்.

"படிச்சிட்டேன்டா."

"முழுசாவா?"

"முழுசா."

"ஒரு பக்கம் திருப்ப ரெண்டு வருசமாண்ணே?"

அதன்பின் ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் பேசினோம்.

பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், உடன் வேலை பார்த்த ஆசிரியர்களுக்கும் நன்றி. தம்பி மனைவிக்கு மட்டும் எந்த வார்த்தையில் நன்றி எழுதுவதென்று தெரியவில்லை. அந்த ஒன்பது நாள் அவர் எனக்குக் கொடுத்தது.