பிடியரிசிப் பெரியம்மா

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரைக் கிறிஸ்தவச் சபையில், ராகேலம்மாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடுவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். கேட்டவன் தேவசகாயம். அவனை இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டதே அந்த அம்மாளின் கைதான் என்பது ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டான். சபை மூப்பன் அல்லவா? நியாயம் என்று வந்துவிட்டால் அவனுக்குத் தாயும் தெரியாது, தாரமும் தெரியாது.

ராகேலம்மாள் தாது வருஷப் பஞ்சத்தில் அனாதையாகி மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டாள்; அவனும் காய்ச்சலில் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. “கர்த்தரு எனக்குன்னு ஒண்ணும் வைக்கல. அதனால எல்லாரையும் என்னுதுன்னு எடுத்துக்கினேன்” என்று சிரிப்பாள். பிரசவமா, அம்மை கண்ட வீடா, சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்தவனா, முதல் ஆளாகப் போய் நிற்பாள். சேரி, தெரு, சாயபு வீடு என்ற பேதமெல்லாம் அவள் காலுக்குத் தெரியாது. ஊரே அவளைப் பெரியம்மா என்றது.

அவளிடம் குறை ஒன்று உண்டென்றால் அது குரல். கோயிலில் பாட்டு ஆரம்பித்தால் தனக்கென்று ஒரு ராகம் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுவாள். ஆராதனை நடத்தும் உபதேசியார் மூச்சு வாங்கப் பின்னால் ஓடவேண்டும். ஜெபமோ, ஜெபமே இல்லை, சண்டை. “முனிரத்தினம் பொண்ணுக்கு இன்னும் ஜுரம் விடல. நீர் இன்னா செய்றீர் அங்க?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவள் போலச் சற்று நேரம் சும்மா இருப்பாள்.

சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதுதான் பிடியரிசி. சனிக்கிழமை தோறும் பெரியம்மா தோளில் துணிப்பையோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கிவந்து கோயில் அறையிலிருந்த பெரிய பானையில் கொட்டுவாள். உபதேசியார் வீட்டு அடுப்பும் அறுப்புப் பண்டிகைப் பந்தியும் அந்தப் பானையை நம்பித்தான் இருந்தன. கூந்தல் கறுப்பாக இருந்த நாளில் பிடித்த பை அது. தலை பஞ்சாக வெளுத்த பிறகும் வேறு ஒருவர் தோளுக்கு மாறவில்லை.

சீமையில் தோல் விலை விழுந்த காலம் வந்தது. வாணியம்பாடியில் முக்தார் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் தேவசகாயம் மேஸ்திரி. சாயபு நல்ல மனிதர். “தோஸ்த், வியாபாரம் ரொம்ப கம்மி. நல்லா ஆனதும் ஆளனுப்புறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பினார். தேவசகாயம் அதை மனைவி அமிர்தவள்ளியைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போலக் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்புவான். ரயில் போய்விடும். இவன் ஆற்று மணலில் ஒரு புங்கமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இவனுக்கு ஒன்பது பறந்தது. மானம் மட்டும் இறக்கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

வீட்டில் எப்படியோ ஒருவேளைச் சோறு வந்துகொண்டிருந்தது. அதற்கும் நொட்டை சொல்வான்.

“இன்னா சோறு இது? பாதி கூழு, பாதி விறைப்பு!”

“ஆற்காட்டுலேர்ந்து எங்க அண்ணன் அனுப்பின அரிசி. சும்மா சாப்பிடுங்க” என்பாள் அமிர்தவள்ளி.

அவள் அண்ணனுக்கு அவ்வளவு தாராளம் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அறுப்புப் பண்டிகை நெருங்கியது. மூப்பன் என்ற முறையில் தேவசகாயம் கோயில் அறையைத் திறந்து பானையின் மூடியைத் தூக்கினான். பாதிகூட இல்லை. பானையில் கை வைக்கிற ஆள் ஊரில் ஒருத்திதான். அவனுக்கு நெஞ்சு எரிந்தது. ஏழைகள் வாயைக் கட்டிப் போட்ட அரிசி அல்லவா? வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள் கஞ்சித் தண்ணீரோடு இருப்பது வேறு அவனுக்குத் தெரியும். கையில் வேலை இல்லாதவனுக்கு அந்த மூப்பன் பட்டம்தான் மிச்சம் இருந்தது. அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து கேட்டான்.

பெரியம்மா பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். “எடுத்தது நான்தான்” என்றாள்.

உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“எங்க போச்சு பெரிம்மா?”

“போவ வேண்டிய எடத்துக்குப் போச்சு. அதுக்கு மேல கேக்காத.”

“சபைக்குப் பதில் சொல்லணும் இல்ல? வித்தீங்களா?”

வித்தீங்களா என்ற வார்த்தை அவளை அடித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தோளிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பின்வரிசையில் யாரோ, “வயசாய்ட்டா புத்தி கெட்டுடும்” என்றார்கள். இத்தனை வருஷத்துப் பேரும் ஒரு நொடியில் போயிற்று.

“அப்ப பைய வச்சிடுங்க” என்றான் தேவசகாயம்.

சனிக்கிழமை வசூல் செய்து, இன்னும் பானையில் கொட்டாத அரிசியோடு வந்திருந்தாள். தோளிலிருந்து பையைக் கழற்றி அவன் முன்னால் வைத்தபோது பையின் வாய் சரிந்து அரிசி தரையில் கொட்டியது. கடவுளின் அரிசியில் கால் படக்கூடாதே என்று அவன் குனிந்து அள்ளினான். உள்ளங்கையில் புழுங்கல், பச்சை, சிவப்பு, நொய் எல்லாம் கலந்து கிடந்தன. இருபது வீட்டு அரிசி ஒன்றாகிப்போன கலப்பு. ஒரே உலையில் போட்டால் சிலது குழையும், சிலது விறைக்கும்.

அவன் நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தான். அமிர்தவள்ளி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு வீட்டுப் பிடியும் பெரியம்மாவுக்கு அத்துப்படி. எந்த வீட்டில் பிடி சுருங்குகிறதோ அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டாம். ஒரு சனிக்கிழமை அமிர்தவள்ளியின் கலயத்தைக் கவிழ்த்தால் ஒரு மணிகூட விழவில்லை. பெரியம்மா தெருவுக்குக் கேட்கும்படி, “இந்த வாரம் ஜாஸ்தியாவே வச்சிருக்கியே அமிர்தம், கர்த்தரு ஆசீர்வதிப்பாரு!” என்று கத்திக்கொண்டே தன் பையிலிருந்து அவள் பானையில் கொட்டினாள். அன்றிலிருந்து வாரா வாரம் அப்படித்தான். வாங்க வருகிறவள் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று எதிர்வீட்டுக்கும் தெரியாது. வேறு சில வீடுகளிலும் இப்படி நடந்ததாம். எவை என்று அவள் சாகும்வரை சொல்லவில்லை.

தேவசகாயத்துக்குத் தெரிந்துவிட்டது என்பது பெரியம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அவள் முந்திக்கொண்டாள்.

“பைய உள்ள வச்சிட்டு வா, தேவசகாயம். தப்பு என்னுது. முடிஞ்சிச்சு. உபதேசியாரே, பாட்டு சொல்லும்.”

அவன் வாயை மூடிக்கொண்டு பையோடு உள்ளே போயிருக்கலாம். ஊர் அவனை மேஸ்திரி என்றும் மூப்பர் என்றும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். அப்படிச் செய்துவிடலாமா என்று அவன் நினைக்கவும் நினைத்தான், பொய் சொல்வானேன். அரிசி கையில் இருந்தது. விரல் மூடமாட்டேன் என்றது.

“அந்த அரிசியத் தின்னது நான்” என்றான். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். “எனக்கு வேலை போய்ட்டுது. பொங்கலுக்கு முன்னாடியே போய்ட்டுது. என் வீட்டு அடுப்பு எரிஞ்சது பெரிம்மாவாலதான்.”

எல்லோரும் அழுவாள் என்று எதிர்பார்த்த பெரியம்மா, எரிந்து விழுந்தாள்.

“உன்ன யார்ரா சொல்லச் சொன்னது? நான் மறைச்சி மறைச்சிக் காப்பாத்தினா, நீ சபை நடுவுல உடைக்கிறியா? இதுக்காடா நான் பேஜார் பட்டேன்?” என்று அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

பிறகு அவனுக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னாள். “பஞ்சத்துல எங்கப்பாவுக்குக் கஞ்சித் தொட்டி வரிசையில நிக்க வெக்கம். என்னை அனுப்பிட்டு தூரமா நிப்பாரு. நான் ஏனத்த நீட்டினா, ‘எனக்கு ஆச்சும்மா, நீ குடி’ன்னுவாரு. ஆச்சு ஆச்சுன்னு சொல்லியே போய்ச் சேந்தாரு. நீ இப்ப சொன்னத அவரு ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தா…”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தை நிமிர்த்தினாள்.

“காலீல சாப்ட்டியாடா?”

அவன் வாய் பழக்கதோஷத்தில் ‘ஆச்சு’ என்று சொல்லத் திறந்தது.

“இல்ல பெரிம்மா” என்றான்.