தான்றி மரத்தைச் சுற்றி ஏழு சுற்று

கரமனை ஆற்றங்கரையில் நாங்கள் வீடு கட்டிக் குடியேறிய வருஷம், என் வீட்டுக்காரர் ஏதோ துரை பங்களாவில் ரோஜாவும் குரோட்டன்ஸும் பார்த்துவிட்டு வந்தார். போதாதா? நம் வாசலிலும் அதுதான் நிற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழையில் ரோஜா அத்தனையும் வேர் அழுகிச் செத்தது. செத்தது செடி, அடி வாங்கியது நான். குடைக்கம்பால் அடிப்பார். கையில் தடிப்பு தடிப்பாக எழும்பும்.

காலியான இடத்தில் ஆற்றங்கரையிலிருந்து ஒடித்து வந்த தெச்சியையும் நந்தியாவட்டையையும் ஆடாதோடையையும் ஊன்றினேன். இந்த மண்ணில் பிறந்தவை, மழையைக் கண்டால் துளிர்க்கிறவை. ஒரே மாசத்தில் வாசல் பச்சென்று ஆனது. ஆபீஸ் விட்டு வந்தவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேர் மண்ணோடு என் முகத்தில் எறிந்தார்.

"காடா வளக்கே? துரை பாத்தா என்ன நெனைப்பான்?"

அன்றைக்கு விழுந்த அடியில் என் சுண்டுவிரல் வளைந்தது வளைந்ததுதான். செடி போகட்டும், இந்த மனுஷன் கை இனி என்மேல் விழாமலிருக்க என்ன வழி? அதுதான் எனக்கிருந்த ஒரே யோசனை. நாகர்கோவிலில் பிறந்த வீடென்று போய் நிற்க யாரும் இல்லை.

அடுத்து, கிழக்கு மூலையில் நின்ற மரம் புது ரோஜாவுக்கு வெயிலை மறைக்கிறதென்று மரம்வெட்டியைக் கூப்பிட்டார். அவன் இந்த ஊர்க்காரன். மரத்தைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"ஏமானே, இது சேரு மரம். பால் பட்டா தேகம் பொள்ளும். ஞான் தொடமாட்டேன்."

இவர் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டு, கோடரியைப் பிடுங்கித் தானே வெட்டினார். நாலாம் வெட்டில் பால் முகத்தில் தெறித்தது. மறுநாள் விளக்கு வைப்பதற்குள் முகம் வீங்கி, கொப்புளம் உடைந்து நீர் வடிந்து, இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்?

மரம்வெட்டிதான் கொல்லைப்புறம் வந்து என்னிடம் பரிகாரம் சொன்னான். தான்றி மரத்தை ஏழு தடவை சுற்றி, சேரு செய்ததைத் தான்றி ஆத்தணும் என்று வேண்ட வேண்டும். அவ்வளவுதான் சொன்னான்.

கண் தெரியாதவரைக் கையைப் பிடித்து ஆற்றங்கரைத் தான்றிக்கு அழைத்துப்போனேன். வழியில் ஒரு புளியம் விளாறு ஒடித்துக்கொண்டேன். முதல் சுற்று முடிந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"எட்டி, என்னது இது?"

"சடங்கு. பேசாம நடங்க."

நடந்தார். ஏழு சுற்றுக்கு ஏழு. கடைசி அடியில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

ஒரு வாரத்தில் கண் திறந்தது. மரம்வெட்டியை வரச் சொல்லி, என்னை வைத்துக்கொண்டே கேட்டார்.

"சுத்தும்போது, இவ அடிச்ச மாதிரி, சுத்துக்கு ஒண்ணு அடிக்கவும் செய்யணுமாடே?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவன் என்னைப் பார்த்தான். என் கைத் தடிப்பைப் பார்த்தான்.

"உண்டு ஏமானே. சுற்றுக்கு ரெண்டு. அம்மா ஒண்ணுதான் தந்திருக்கு. பின்னே, ஒரு வருஷத்துக்கு ஏமான் யாரையும் கை ஓங்கப்படாது. ஓங்கினா பின்னேயும் பொள்ளும்."

ஒரு வருஷம் அவர் ஓங்கவில்லை. அது முடிவதற்குள், வாசலிலிருந்து கொல்லைவரை அவர் நடக்கிற வழியின் இரண்டு பக்கமும், கையில் துணி சுற்றிக்கொண்டு, சேருக் கன்றாகத் தேடி நட்டேன். ஆபீஸ் விட்டு வந்தவர் நின்று பார்த்தார். உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடுவே நடந்து உள்ளே போனார்.