மூணு போதும்

தேநீர்க் கடையில் நின்றாலும் சரி, மருந்துக் கடையில் நின்றாலும் சரி, அவள் வாய் சும்மா இருக்காது. "இதுல யாரு யாருக்குக் காசு குடுக்கறாங்க?" என்று பக்கத்தில் நிற்பவளின் காதைக் கடிப்பாள். டிஜிட்டல் வணிகம் படிக்கப் போனதிலிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி. வகுப்பில் அவளுக்கு 'யாருகாசு' என்றே பெயர். கோபமெல்லாம் இல்லை, கூப்பிட்டால் திரும்புவாள்.

படிப்பில் புலி. இலவசச் செயலி எப்படிப் பிழைக்கிறது, சந்தாவை நிறுத்தும் பொத்தானை ஏன் ஒளித்து வைக்கிறார்கள், எல்லாம் தலைகீழ்ப் பாடம். நாலரை நட்சத்திரத்துக்குக் கீழே போன தொழிலாளியைப் பட்டியலின் அடியில் தள்ளிவிடும் முறையைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை ஆசிரியை வகுப்பிலேயே வாசித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் அப்பா குழாய் ரிப்பேர் செய்பவர். அவருக்கு வேலை வருவதும் அப்படியொரு செயலியில்தான். அவர் வாயில் அது 'ஆப்பு'. வேலை முடிந்ததும் சிந்திய தண்ணீரைத் தானே துடைத்துவிட்டு, "மூணு ஸ்டாரு போட்டாப் போதும்மா, அஞ்செல்லாம் நமக்கு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வருவார். கூச்ச சுபாவம். மூன்று என்றால் திருப்தி என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். வீட்டில் அதைப் பெருமையாகவும் சொல்வார். புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் அவள் 'உம்' கொட்டியிருக்கிறாள்.

அழைப்புகள் குறைந்தன. ஐந்து மாதம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, குறடுப் பையைக் காலடியில் வைத்து, போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சீசன் இல்ல போல" என்பார். போன வாரம், அவர் கணக்கை மூடிவிட்டதாகச் செயலியிலிருந்து செய்தி வந்தது.

'இந்தப் படிப்பில் நான் கற்றது' என்று அவள் வகுப்பில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். இன்று மதியம் உட்கார்ந்தவளுக்கு நட்சத்திரப் பாடம் நினைவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் புட்டுப் புட்டு வைத்தவளுக்குச் சொந்த வீட்டில் நடந்தது உறைக்கவில்லை. எழுந்துபோய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப நான் மத்தவங்களுக்குப் போட்டது?" என்றார் அவர். வாடிக்கையாளர்களுக்கு அவரும் நட்சத்திரம் போட வேண்டும். எல்லோருக்கும் மூன்றே போட்டிருக்கிறார். "அந்த மாடி வீட்டம்மா எப்பப் போனாலும் உக்கார வச்சுத் தண்ணி குடுத்துட்டுதான் குழாயக் காட்டுவாங்க. அவங்களுக்கும் மூணுதான் போட்டேன். வேற ஆளுங்க அவங்க வீட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லியிருப்பாங்களே, பாப்பா. மாத்த முடியுதா பாரு."

போனை நீட்டினார். 'உங்கள் கணக்கு மூடப்பட்டது' என்பதைத் தவிரத் திரையில் ஒன்றும் இல்லை. அவள் அதை வாங்கி, அவர் கண்ணில் படாதபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வெறும் திரையில் விரலால் ஐந்து முறை தொட்டாள்.