நடக்கச் சொன்னது நான்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். மின்சாரம் ஐந்து மணிக்கே வந்திருந்தது. ஒன்பதுக்குப் போய்விடும் என்பதால் என் மனைவி முதலில் தண்ணீர் மோட்டாரைப் போட்டாள், பிறகு அரிசி களைந்தாள். நான் திங்களுக்கும் செவ்வாய்க்குமான சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டினேன். யங்கோனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தாமுவே சந்தைக்கு நடந்துபோய், காலைச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்கா இரண்டு பொட்டலம் வாங்கிவந்தேன். எட்டு மணிக்குக் கோயில் பட்டியலைப் படியெடுக்க உட்கார்ந்தேன். தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொள்கிறவர்களின் பெயர்களை எழுதுவது பத்தொன்பது வருடமாக என் வேலை. போட்டாதாங் கிடங்கில் சரக்குப் பதிவேடு எழுதுகிறவன், கையெழுத்து சுத்தமாக இருக்கும் என்று கோயில் கமிட்டி என்னிடம் கொடுத்தது.

பத்துப் பெயர்களை எழுதினேன். பதினோராவது பெயர் என் மைத்துனனுடையது, என் மனைவியின் ஒரே தம்பி. போன மழைக்காலத்தில் எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்து, புண் சீழ் பிடித்து, பதினேழு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். நான் பிழைத்தால் தீ மிதிப்பதாக அவன் வேண்டிக்கொண்டிருக்கிறான். எங்களிடம் சொல்லவில்லை, கோயிலில் சொல்லியிருக்கிறான். அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. அவன் இதற்கு முன் ஒருமுறை தீ மிதித்தவன். அப்போது அவன் கழித்த வேண்டுதல் அவனுடையதல்ல, என்னுடையது. அது அவனுக்குத் தெரியாது.

என் மைத்துனன் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரனாக இருந்தது ஆறு பருவங்கள். அவற்றில் நல்லவை முதல் இரண்டு. வலது ஓரத்தில் ஆடினான். சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நிற்பான். ஆட்டம் முடிந்து வரும்போது பூட்ஸின் ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும். பந்து நடுவில் இருக்கும்போது அவன் பந்தைப் பார்ப்பதில்லை, எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரனின் இடுப்பைப் பார்ப்பான். அந்த இடுப்பு ஒரு பக்கம் திரும்பியதும் இவன் மறுபக்கம் போயிருப்பான். அதற்குப் பிறகுதான் பந்து உயரே எழும். “பந்தத் தொரத்தக் கூடாது மச்சான். அது விழப்போற எடத்துல நாம மொதல்ல இருக்கணும்” என்பான். அவன் கோட்டோரம் ஓடத் தொடங்கினால் கூட்டம் முழுவதும் பர்மியில் ‘மியன்மியன்’ என்று கத்தும். சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தம். நானும் கத்தியிருக்கிறேன். அந்த இரண்டு பருவங்களில் யங்கோனில் நடந்த ஆட்டங்களில் நான் பார்க்காதது ஒன்றே ஒன்று. அதற்கும் காரணம் என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆட்டம் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் வெந்நீர் கேட்பான். பாதத்தை அரை மணி நேரம் ஊறவைத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, காலுறை போட்டுக்கொள்வான். வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்க மாட்டான். “கல்யாணப் பொண்ணுக்குக்கூட இப்படிப் பாதம் இருக்காதுடா” என்று அவன் அக்கா கேலி செய்வாள். “நீ கொழம்புக்கு மொளகா அரைக்கிற. நான் இத வச்சுத்தான் சோறு திங்கிறேன்” என்பான். அந்தப் பாதம் எவ்வளவு மென்மையானது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அவனுக்குப் பதினாறு வயதில் டைபாய்டு வந்தது. ஒன்பதாம் நாள் நினைவு தப்பியது. என் மாமியார் படுக்கையருகே அவன் கையைப் பிடித்தபடி இருந்தார். நான் மருத்துவமனை வராந்தாவுக்கு வந்து, இவன் எழுந்தால் நான் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அன்றைய நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன். அவன் எழுந்துவிட்டான். முதல் வருடம் என் மனைவி கர்ப்பமாக இருந்தாள், அப்படியிருக்கும்போது கணவன் தீ மிதிக்கக் கூடாது என்பது வழக்கம். அடுத்த வருடம் பூக்குழி வரைக்கும் போனேன். பத்தடி தள்ளி நின்றபோதே முழங்காலுக்குக் கீழே அனல் அடித்தது. திரும்பி வந்துவிட்டேன். அன்றைய குறிப்பில் ‘கிடங்கில் வேலை’ என்று இருக்கிறது. அன்று கிடங்கு விடுமுறை. என் நாட்குறிப்புகளில் நான் அறிந்து எழுதிய பொய் அது ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் கமிட்டிப் பெரியவர் ஒருவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. யாருக்காக வேண்டினோமோ அவரே மிதித்தாலும் வேண்டுதல் கழிந்துவிடும் என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் மாமியார் இறந்துபோயிருந்தார். மைத்துனனிடம், “உனக்குக் காய்ச்சல் வந்தப்ப அம்மா வேண்டிக்கிட்டாங்க. நீ தீ மிதிக்கணும்” என்று சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் ஏன் மிதிக்கவில்லை என்று கேட்பான் அல்லவா.

அவன் வருடா வருடம் தள்ளிப்போட்டான். நான் வருடா வருடம் கேட்டேன். அவனுக்கு இருபத்துமூன்று வயதானபோது தாய்லாந்துக் குழு ஒன்று தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தது. தீமிதி முடிந்து பன்னிரண்டாம் நாள் போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான். நான் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே வேண்டுதலைப் பற்றிக் கேட்டேன்.

“போயிட்டு வந்து மிதிக்கிறேன் மச்சான். இப்ப காலு முக்கியம்.”

“அம்மா வேண்டுனத நிறுத்தி வச்சுட்டு எல்ல தாண்டிப் போவியா மாப்ள?”

 மறுநாள் காப்புக் கட்டிக்கொண்டான். பூக்குழிக்குப் போகும்முன் நான் அவன் காதருகே சொன்னதையும் எழுதியாக வேண்டும். “ஓடாத. ஓடுனா வேண்டுதல் கழியாது. நடந்து வா.”

அவனுக்கு முன்னால் போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கும் இரண்டு பேர் போனார்கள். வெறுங்காலோடு பலகையிலும் சரளையிலும் நடந்து காய்த்த பாதங்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு இவன் இறங்கினான். நான் மறுமுனையில் பால் குழி அருகே நின்றேன். யங்கோனில் எந்தத் தடுப்பாட்டக்காரனாலும் பிடிக்க முடியாதவன், தளும்பும் பாத்திரத்தை ஏந்தி வருகிறவனைப் போல ஒவ்வோர் அடியாக வைத்து வந்தான். பாதி வழியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சரியாக வருகிறேனா என்று கேட்கிற பார்வை. நான் தலையசைத்தேன். அவன் பாலில் கால் வைத்தபோது இடது பாதத்தின் தோல் ஓரமாகப் பிரிந்து மிதந்தது.

புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. தாய்லாந்துக்கு வேறு ஒருவன் போனான். காயம் பட்டால் விரதத்தில் குறை இருந்திருக்கும் என்பது எங்கள் ஆட்களின் பேச்சு. அவனும் அதை நம்பினான். பயிற்சி விடுதியில் ஒருநாள் தெரியாமல் முட்டை கலந்த சோறு சாப்பிட்டது நினைவுக்கு வந்து, அதுதான் காரணம் என்று முடிவு செய்துகொண்டான். நான் மறுக்கவில்லை. இருக்கலாம் என்றுகூடச் சொன்னேன். மீண்டும் களத்துக்கு வந்தபோது முதல் மூன்று அடியின் வேகம் அவனிடம் இல்லை. ஓர ஆட்டக்காரனுக்கு அந்த மூன்று அடிதான் எல்லாம். முதலில் மாற்று ஆட்டக்காரனானான், அடுத்து இரண்டாம் நிலைக் குழு, கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் ஒரு தொழிற்சாலைக் குழு. இப்போது அதே தொழிற்சாலையின் ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்தை ஓட்டுகிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மைத்துனன் வந்தான்.

“என்ன மச்சான், பட்டியல ஒளிச்சு வச்சிருக்கீங்க? கோயில்ல கேட்டா உங்ககிட்ட இருக்குன்றாங்க.”

“எனக்காக எதுக்கு மாப்ள வேண்டுன?”

“பின்ன? வயித்தக் கிழிச்சுப் போட்டிருந்தாங்க. அக்கா அழுவுது. எனக்கு வேற என்ன தெரியும்?” என்று சிரித்தான். “பயப்படாதீங்க. பத்து வருசமா கிளச்சு மிதிக்கிற காலு. நல்லாக் காச்சுப்போச்சு.”

உட்காரச் சொன்னேன். மருத்துவமனை வராந்தாவில் நான் வேண்டிக்கொண்டதில் தொடங்கி, வரிசையாக, எதையும் விடாமல் சொன்னேன். தன் மனைவியின் பக்கமோ குழந்தைகளின் பக்கமோ அவன் பேச்சை மாற்றுவான் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவன் தாய்லாந்தைப் பற்றிக் கேட்பான் என்றும் எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு.

“அப்ப, அம்மா ஒண்ணும் வேண்டிக்கலயா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

“நான் அம்மாவத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன்.” பிறகு, “அந்த முட்டச் சோறு...” என்று தொடங்கி நிறுத்திவிட்டான்.

என் மனைவி தேநீரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. “குடிச்சுட்டுப் போடா” என்று மட்டும் சொன்னாள். அவன் குடிக்கவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: “என் பேர எடுத்துடாதீங்க. இது நான் வேண்டுனது. நான்தான் மிதிப்பேன்.” முன்பெல்லாம் அவன் பேச்சில் இரண்டு வார்த்தைக்கு ஒரு மச்சான் வரும். அப்போது வரவில்லை.

பதினோராவது வரியை எழுதினேன். மனைவி எனக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் திங்கள். நான்கு ஐம்பதுக்கு எழுந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேறெதுவும் செய்யும்முன் கோயிலுக்குப் போனேன். பூசாரி அப்போதுதான் நடை திறந்திருந்தார். பட்டியலை அவரிடம் கொடுத்துவிட்டு வலது கையை நீட்டினேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“யாருக்கு?”

“மைத்துனனுக்கு.”

“என்ன, உடம்புக்கு முடியலையா?”

“டைபாய்டு. இருபத்துமூணு வருசத்துக்கு முன்னால.”

அவர் மஞ்சள் கயிற்றை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.