வெல்டர் பழகிய கீபோர்டு

வீடுகளுக்கே போய் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவள் அக்கா. அவளுக்காக விளம்பரம் எழுத உட்கார்ந்த தங்கை, "எந்த மாதிரி ஆளு கெடச்சா உனக்குப் பிடிக்கும்? வசதியான வீட்டுப் பிள்ளைங்களா?" என்று கேட்டாள்.

அக்காவுக்குத் தன்னிடம் படித்த ஒரு வெல்டர்தான் நினைவுக்கு வந்தார். ஐம்பது வயதில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர். விரல்கள் தடித்துப்போனதால் ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு சேர்ந்து ஒலிக்கும்.

"பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போகப் போறாங்க" என்று மனைவி கிண்டலடிப்பார். வெல்டர் அசரவில்லை. பட்டறை மேசையில் சாக்பீஸால் கட்டைகளை வரைந்து, சாப்பாட்டு இடைவேளையில் விரல் ஓட்டிப் பழகினார். எட்டாவது மாதம் ஒரு பாட்டை முழுதாக வாசித்தபோது, மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்.

"வயசு வரம்பு மட்டும் போடாத," என்றாள் அக்கா. "வேலைக்குப் போறவங்களும் தாராளமா கூப்பிடலாம்னு எழுது."