என் மகள் பேசிய லித்துவேனியம்

மகளுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்து, கீழ்வீட்டிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவேன். கையில் ஒரு பிஸ்கட் கொடுத்தால் "அச்சூ" என்பாள். தும்முகிறாள் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் "தீர்க்காயுசு" சொல்லி முதுகைத் தடவிக்கொடுப்பேன். சளி பிடித்திருக்கிறதோ என்று டாக்டரிடம்கூடக் காட்டினேன். ஒருநாள் வீட்டுக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அவள் தும்மவில்லை, உனக்கு நன்றி சொல்கிறாள்" என்றார். லித்துவேனிய மொழியில் அச்சூ என்றால் நன்றியாம். நானும் சேர்ந்து சிரித்தேன். மாடிக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை. அம்மா, அப்பா, பால் என்பதைத் தாண்டி அவள் தமிழில் இன்னும் எதுவும் பேசியிருக்கவில்லை.

நியூஜெர்சியில், எலிசபெத் நகரத்தில், மரத்தால் கட்டிய இரண்டடுக்கு வீடு அது. மேல் தளத்தில் நாங்கள், கீழே வீட்டுக்கார அம்மாள். என் கணவர் தினமும் ரயிலேறி மன்ஹாட்டனுக்குப் போய்விடுவார். எனக்கு மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. குழந்தையை யாரிடம் விடுவது என்று நாங்கள் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தபோது, "எனக்கு என்ன வேலை இருக்கிறது? இங்கே விட்டுப் போ" என்று அவராகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷி. குழந்தையின் உடம்பில் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டார். உட்கார வைத்து எதையும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், செடிக்குத் தண்ணீர் விடும்போதும் தன் மொழியில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். மகள் அவரை டெட்டா என்று கூப்பிட்டாள். அத்தை என்று அர்த்தம். ஈரோட்டில் அவளுக்கு இரண்டு சொந்த அத்தைகள் இருந்தார்கள். அவர்களை அப்படிக் கூப்பிட அவளுக்கு வாய்க்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டேகேர்ல விட்டா மட்டும் தமிழா பேசப்போறா? இந்த அம்மா நல்லா பாத்துக்கறாங்க இல்ல? விடேன்."

"அவ என்கிட்ட பேசறதே எனக்குப் புரியலங்க."

"டூ இயர்ஸ் ஓல்ட். யாருக்குத்தான் புரியும்?"

கீழ்வீட்டு அம்மாளுக்குப் புரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், ரஷ்யப் படை ஊருக்குள் நுழைவதற்கு முன், குதிரை வண்டியில் தப்பி ஓடிய குடும்பம். அப்போது அவருக்குப் பள்ளிக்கூட வயது. ஜெர்மனியில் அகதி முகாமில் சில வருடங்கள் இருந்துவிட்டுக் கப்பலில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். தெருவில் பாதிப் பேர் லித்துவேனியர்கள், எல்லோருக்கும் தையல் இயந்திரத் தொழிற்சாலையில் வேலையாம். ஷிப்ட் முடிந்து வந்த ஆண்கள் தாங்களே செங்கல் அடுக்கித் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடம் கட்டினார்கள். அதன் அடித்தளத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு, நடனம், பாட்டு. உலக வரைபடத்தில் இல்லாமல் போன ஒரு நாட்டின் சுதந்திர தினத்தை வருடம் தவறாமல் அங்கே கொண்டாடினார்கள். இதையெல்லாம் கேட்டு என் சிநேகிதிகள் உச்சுக் கொட்டினார்கள். பாவம் என்றார்கள். எனக்குப் பரிதாபம் வரவில்லை. எங்கள் பொங்கல் விழா எடிசன் நகரில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் நடக்கும். சினிமாப் பாட்டு, மைக்குக்குச் சண்டை, பிறகு சாம்பார் சாதம். பிள்ளைகள் மூலையில் உட்கார்ந்து இங்கிலீஷில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

தொண்ணூற்றொன்று ஜனவரியில் அவர்கள் தலைநகர் வில்னியஸின் தெருக்களில் சோவியத் டாங்கிகள் புகுந்தன. அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. டெட்டா மேலே வந்து கதவைத் தட்டினார். "இந்தப் பனியில் என்னால் ஓட்ட முடியாது. கூடம் வரைக்கும் கார் ஓட்டுவாயா?" என்றார். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனேன். கூடத்தில் நிற்க இடமில்லை. மேஜை மேல் ஒரு டிவி. அந்தச் செங்கற்களை அடுக்கிய கிழவர்கள் கோட்டு போட்டு, டை கட்டி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சனங்கள் வெறுங்கையோடு டாங்கிக்கு எதிரே நின்றதையும், சிலர் விழுந்ததையும் காட்டினார்கள். யாரோ ஒருவர் பாட ஆரம்பித்தார். அப்புறம் மொத்தக் கூடமும் அழுதுகொண்டே பாடியது. ஜீன்ஸ் போட்ட பதினைந்து வயதுப் பெண்கள்கூட வார்த்தை தவறாமல் பாடினார்கள். டெட்டாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்த என் மகளின் வாயும் அசைந்தது. அந்தக் கூடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

சேர்ந்து அழுவதைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களா என்று கேட்டால், நான் பட்டேன். எங்களை யாரும் துரத்தவில்லை. கழுத்தில் மாலையோடு, சொந்தக்காரர்கள் கையசைக்க, நாங்களாக விமானம் ஏறி வந்தவர்கள். ஊர் அங்கேயே பத்திரமாக இருந்தது. வேண்டும்போது போகலாம் என்ற நினைப்பிலேயே ஒவ்வொன்றாகக் கைநழுவ விட்டுக்கொண்டிருந்தோம். துரத்தப்பட்டவர்களோ எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் பிடித்து வைத்திருந்ததில் இப்போது என் குழந்தையும் சேர்ந்திருந்தாள்.

அவர்கள் நாடு விடுதலையாகிவிட்டது. அடுத்த கோடையில் டெட்டா ஊருக்குப் புறப்பட்டார். திரும்பி வரமாட்டார் என்று நினைத்தேன், வராமல் இருக்கட்டும் என்றும் நினைத்தேன். மகளை டேகேரில் சேர்த்தேன். சாயங்காலமானால் கீழ்வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி அழுவாள். நான் தூக்கினால் திமிறுவாள்.

டெட்டா வந்துவிட்டார். மெலிந்திருந்தார். ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன். தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ரொட்டிக் கடைப் பெண் என்ன கேட்டாள் தெரியுமா? 'எங்கள் மொழியை எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள், எங்கே கற்றுக்கொண்டீர்கள்?' என்றாள். நான் பிறந்த ஊரில், என்னிடம்."

நான் பதில் சொல்வதற்குள் மகள் ஓடிவந்து அவர் மடியில் ஏறிவிட்டாள். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நான் மேலே போய்க் குக்கரை வைத்தேன்.

அவருக்கு ஒரே மகன். ஹூஸ்டனில் வேலை. கிறிஸ்துமஸுக்கு மனைவி பிள்ளைகளோடு வருவார். சிறுவயதில், தெருப்பையன்கள் எல்லாம் பேஸ்பால் ஆடப் போகும் சனிக்கிழமையில் தான் மட்டும் மொழி வகுப்புக்கு இழுத்துப் போகப்பட்டதை ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்தது. அம்மாவிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். கற்றதையெல்லாம் வேண்டுமென்றே மறந்ததாக என்னிடமே ஒருமுறை சொன்னார். பேரப்பிள்ளைகளுக்கு அச்சூகூடத் தெரியாது. என் மகள் டெட்டாவோடு பேசுவதை அவர் ஒருமாதிரி பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமானது.

மகளுக்கு ஏழு வயதானபோது எடிசனுக்கு வீடு மாறினோம். பள்ளி நன்றாக இருக்கும், ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் எல்லாச் சாமானும் கிடைக்கும் என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆரம்பித்தோம். அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மகள் வகுப்பில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் காரில் ஏறி, "கேன் வி கோ டு டெட்டாஸ் நவ்?" என்பாள். கூட்டிப்போவேன். போகாவிட்டால் ஞாயிறு முழுக்க என்னோடு பேசமாட்டாள்.

இரண்டாயிரமாவது வருடம் வசந்த காலத்தில் டெட்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. மகன் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. "அம்மாவுக்கு இங்கிலீஷ் சுத்தமாகப் போய்விட்டது. என்னென்னவோ சொல்கிறாள், எனக்குப் புரியவில்லை. நான் எலிசபெத்தில்தான் இருக்கிறேன். உங்கள் பெண்ணைக் கூட்டிவர முடியுமா?" என்றார்.

மருத்துவமனை அறையில் அவர் தாடி மழிக்காமல், கசங்கிய சட்டையோடு நின்றிருந்தார். டெட்டாவின் வாய் ஒருபுறம் கோணியிருந்தது. மகனின் முகத்தைப் பார்த்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வலிக்கிறது என்கிறாரா, வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாரா, பாதிரியாரைக் கூப்பிடச் சொல்கிறாரா என்று அந்த மனிதர் தவித்துக்கொண்டிருந்தார். மகள் கட்டிலின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள்:

"நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. அவ்வளவுதான்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, "சாப்பிட்டேன் என்று சொல்லு" என்றார். மகள் சொன்னாள். டெட்டா அவளிடம் இன்னொன்று கேட்டார். "என்ன சாப்பிட்டீங்களாம்?" என்றாள் மகள். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளாகவே எதையோ சொன்னாள். டெட்டா கண்களை மூடிக்கொண்டு தலையசைத்தார். கோடைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கூடத்தை இப்போது வேறொரு நாட்டுக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சனிக்கிழமை வகுப்பு உண்டாம்.

அன்று மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பார்க்வேயில் நல்ல நெரிசல். மகள் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"எனக்கும் ஒருநாள் இப்படி ஆச்சுன்னா?" என்று கேட்டேன். "இங்கிலீஷ் எல்லாம் மறந்து, தமிழ் மட்டும் பேசினேன்னா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஐ'ல் பி தேர், மா. நீ என்ன சொன்னாலும்... ஐ அண்டர்ஸ்டாண்ட் எவ்ரிதிங்."

உண்மைதான். எல்லாம் அவளுக்குப் புரியும், எப்போதும் புரிந்திருக்கிறது. நான் தலையசைத்துவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டினேன். டெட்டாவுக்குப் பதிலும் அவர் மொழியிலேயே கிடைத்தது.