கஷ்டகாலத்துக்கென்று அண்ணன் சேர்த்தவை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்த நாளில் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இந்த நினைவு மலருக்கு இரண்டு மூன்று பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். எழுத உட்கார்ந்தால் நல்ல வார்த்தைகளுக்கு முன்னால் கோபம்தான் வந்து நிற்கிறது. அதை மறைத்து எழுதினால் வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் ஏற்காட்டு மலையில் நாகலூருக்கு அருகில் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். தாத்தா காலத்தில் ராசிபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். எனக்கும் அண்ணனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். பத்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. என் படிப்பு நிற்கக் கூடாது என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாச் செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். மழைக்காலத்தில் என் நோட்டுகளைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிவரை உடன் வருவார். அவர் கையெழுத்து அழகாக இருந்ததால் எஸ்டேட் ஆபீசில் ரைட்டர் வேலை கிடைத்தது. தினமும் காலையில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பதிவேட்டில் பெயர் எழுதுவது அவர் பொறுப்பு. ஓய்வு பெறும்வரை அந்த வேலையில் அவர்மீது ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

அவர் வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில் காப்பி விலை படுத்துவிட்டது. எஸ்டேட்டில் பல மாதங்கள் வேலை கொடுக்கவில்லை. குடியிருப்பில் வாரக்கணக்கில் பலாக்காயை வேகவைத்துத் தின்றோம். அண்ணன் மட்டும் வழக்கம்போல் ஆபீசுக்குப் போய், பதிவேட்டைத் திறந்து வைத்து, எழுத ஒரு பெயரும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். அந்தப் பயம் அவரை விட்டு இறங்கவே இல்லை என்று நினைக்கிறேன். பல வருடம் கழித்துக் கொரோனா ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது, சேலத்திலிருந்து சரக்கு வருவது குறைந்தது. ஒருநாள் அண்ணன் ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்புவரை நடந்து போய், வெறும் பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“காசு வெச்சிருக்கறேன் கண்ணு. நீட்டறேன். குடுக்கறதுக்குக் கடையில ஒண்ணும் இல்லைங்கறாங்க” என்றார். அப்படி வெளுத்துப்போன முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

என் தொழிலை உங்களில் பலர் அறிவீர்கள். நான் சிறுசேமிப்பு முகவர். ஏற்காட்டில் வீடு வீடாகப் போய்த் தபால் நிலையத்தில் கணக்குத் தொடங்கித் தருவேன். என் பேச்சைக் கேட்டு எத்தனையோ குடும்பங்கள் மாதாமாதம் சேமிக்கின்றன. என் சொந்த அண்ணனை ஒரு படிவத்தில்கூடக் கையெழுத்துப் போட வைக்க என்னால் முடியவில்லை.

அவர் ஓய்வுபெற்று, பணம் கைக்கு வந்த மறுமாதம் படிவங்களைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

“கையெழுத்து மட்டும் போடுங்ணா. மாசாமாசம் வட்டி வந்துரும். அண்ணியும் நீங்களும் நிம்மதியா இருக்கலாம்.”

“நான் எடம் வாங்கிப்போட்டனே கண்ணு.”

“எந்த எடமுங்ணா?”

“நாகலூர் தாண்டி, ஊத்து இருக்குதல்லோ, அந்தச் சரிவு.”

அந்தச் சரிவு எல்லோருக்கும் தெரிந்த இடம். கீழே மண்சாலையை ஒட்டிக் கொஞ்சம் காப்பிச் செடிகள். மேலே ஏறினால் பாறை, பாறைக்கிடையில் ஓர் ஊற்று. ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்த பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் அங்கே போயிருந்தது.

“ஏனுங்ணா இப்படிப் பண்ணுனீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?”

“கேட்டா நீ உட்டிருக்க மாட்ட. நாளைக்கு கேஸ் வராது, கரண்டு வராது, சேலத்துல இருந்து லாரி ஏறாது. அன்னைக்கு உன்ற காகிதத்தை ஊற வெச்சா குடிக்க முடியும்?”

அதற்குப் பிறகு அவர் நின்றபாடில்லை. தங்கத்தைக் கடித்துத் தின்ன முடியாது என்று சொல்லி அண்ணியின் நகைகளை விற்றுப் பாறைமேல் பெரிய சிமெண்டுத் தொட்டியும் அதன் கீழே சின்ன வீடும் கட்டிக் குடியேறினார். அண்ணி ஒன்றும் பேசாமல் கழற்றிக் கொடுத்தார். சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். சூரிய ஒளியில் கரண்டு எடுக்கும் பலகைகளைக் கூரையில் போட்டார். எங்கள் மலையில் மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டம். ஒரு விளக்குகூட முழுசாக எரியவில்லை. நீல டிரம்களில் அரிசியும் பருப்பும் வாங்கி அடைத்தார். ஆறே மாதத்தில் பருப்பில் வண்டு விழுந்தது. அண்ணி வாசலில் உட்கார்ந்து நாள்கணக்கில் சலித்தார். அவர்கள் மகள் சேலத்தில் நர்சிங் சேர்ந்தபோது கட்டணத்துக்குக் கையில் ரொக்கம் இல்லை. நானும் என் கணவரும் பார்த்துக்கொண்டோம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் அதே வாரத்தில் அண்ணன் கையால் சுற்றி ராகி அரைக்கும் இரும்பு மிஷின் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அன்று நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அவருக்குச் சேர வேண்டிய பெருமையையும் சொல்லியாக வேண்டும். ஒரு கோடையில் மலையில் தண்ணீர் வற்றியது. குழாயில் காற்றுதான் வந்தது. லாட்ஜுகள் லாரியில் தண்ணீர் வாங்கின. அண்ணனின் ஊற்று மட்டும் மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய டிரம்களைப் பார்த்துச் சிரித்த கீழ்ப்பக்கத்துப் பன்னிரண்டு வீட்டார் குடத்தோடு வந்தார்கள். அண்ணன் அவர்களை மேலே ஏற விடவில்லை. தொட்டியிலிருந்து ஓஸ் போட்டு அவர்கள் வாசலுக்கே தண்ணீர் இறக்கிக் கொடுத்தார். லாட்ஜ் நடத்தும் ஒருவர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி விலை பேசினார்.

“விக்கறதுக்கு இல்லீங்க. குடிக்கறதுக்குன்னா ரெண்டு குடம் புடிச்சுட்டுப் போங்க” என்றார் அண்ணன்.

அந்தப் பேச்சு நாகலூர் முழுக்கப் பரவியது. அண்ணனுக்குப் பத்து வயது குறைந்தது போலிருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு அவர் செய்வதை யாரும் எதிர்த்துப் பேச முடியாமல் போயிற்று.

அடுத்த குளிர்காலத்தில் சரிவு ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சேலத்தில் காட்டினோம். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன, தள்ளிப் போடாமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அரசுக் காப்பீட்டு அட்டை வாங்கச் சொல்லி நான் பல வருடம் கெஞ்சியிருந்தேன். அதுவும் காகிதம்தானே என்று தட்டிக்கழித்திருந்தார். இப்போது விண்ணப்பிக்கப் போனால் ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். திருத்தித் திருத்தி நான் அலைந்துகொண்டிருந்தேன். தனியார் மருத்துவமனை என்றால் முன்பணம் வேண்டும். என்னிடமும் அந்த அளவுக்கு இல்லை. அண்ணனிடம் நிலம் இருந்தது, தொட்டி இருந்தது, கையிருப்பு எதுவும் இல்லை. அந்த லாட்ஜ்காரர் ஊற்றோடு சேர்த்து முழு இடத்தையும் வாங்கிக்கொள்கிறேன் என்று இப்போது ஆள் அனுப்பினார்.

அவர் வீட்டுக் கூடத்தில் நடந்த அந்தச் சண்டை எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

“குடுத்துருங்ணா. உசுரு இருந்தா வேற எடம் வாங்கிக்கலாம்.”

“ஊத்தைக் குடுத்துட்டு? அந்தப் பன்னெண்டு ஊடு என்ன பண்ணும்? நாளைக்கு நாம எங்க போறது? கஷ்டகாலம் வரப்போவுது கண்ணு, உனக்குப் புரிய மாட்டேங்குது.”

“வந்தாச்சுங்ணா! உங்களுக்குத்தான் வந்திருக்குது. இன்னும் எந்தக் கஷ்டகாலத்துக்குக் காத்துட்டிருக்கறீங்க?”

காப்பி டம்ளர்களோடு வந்து நின்ற அண்ணி, “ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?” என்று ஆரம்பித்தார்.

“நீ சும்மா இரு” என்றார் அண்ணன்.

“சித்த இருங்க அண்ணி” என்றேன் நான்.

அண்ணி டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கோபித்துக்கொண்டு கிளம்பி வந்து, மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு அண்ணனே போன் செய்து, “சரி கண்ணு, அந்த லாட்ஜ்காரரை வரச் சொல்லு” என்றார். அதற்குள் அந்த லாட்ஜ்காரர் வேறு இடம் வாங்கி முடித்துவிட்டார். வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே பெயர்த் திருத்தம் முடிந்து அட்டை வந்தது. ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள்.

அந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு, மதியம், அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. கீழ்வீட்டு ஆண்கள் நாற்காலியில் உட்காரவைத்து அவரைச் சரிவிலிருந்து தூக்கி இறக்கினார்கள். பக்கத்துத் தோட்டத்து விவசாயி தன் ஜீப்பை எடுத்தார். ஒண்டிக்கடையில் நான் ஏறிக்கொண்டேன். அண்ணன் அண்ணியின் மடியில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா கண்ணு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “தொட்டி ரொம்பி வழியும். வால்வை மூடச் சொல்லு” என்றார். அதன்பின் பேசவில்லை. மலைச் சாலையில் பாதி வளைவுகள் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் கடைசி வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மகளைப் பற்றி ஒரு சொல், மடியில் வைத்திருந்தவரைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?

காரியங்கள் முடிந்து மூன்றாம் மாதம், இனி மகளின் படிப்புக்கு என்ன செய்வது என்று பேசுவதற்காக அண்ணியிடம் போனேன். அவர் பத்திரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். சாலையோரத்துக் காப்பிச் செடிகள் இருந்த துண்டை மட்டும் தனியாகப் பிரித்து, ஜீப் கொண்டுவந்த அதே விவசாயிக்கு விற்றிருந்தார். வீடும் ஊற்றும் தொட்டியும் மேலே ஏறும் நடைபாதையும் அண்ணியிடமே இருந்தன. பேசி முடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லையாம். திரும்பி வரும் வழியில் அந்த விவசாயியைப் பார்த்துக் கேட்டேன்.

“நான் எத்தனை வருசமா அந்த ரோட்டோரத்தைப் பார்த்துட்டிருக்கறேனுங்க. அண்ணன் விக்கவே மாட்டேங்கறாருன்னும், வித்தா முழுசாத்தான்னும் கேள்விப்பட்டு வாயைத் தொறக்கலீங்க. யாராச்சும் கேட்டிருந்தா அன்னைக்கே வாங்கியிருப்பேன்” என்றார்.

மறுபடியும் அண்ணியிடம் ஏறிப் போனேன். “இது உங்களுக்கு எப்பத் தோணுச்சுங்க அண்ணி?” என்று கேட்டேன்.

“அன்னைக்கே தோணுச்சுங்க அம்மிணி. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேச உட்டாத்தானே?”

குரலில் குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. அடுப்பில் வைத்திருந்ததைக் கிளறியபடி சொன்னார். விற்றால் முழுசும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று நானும் அண்ணனும் மோதிக்கொண்டோம். அந்தச் சரிவில் தினமும் ஏறி இறங்கியவரை இருவருமே கேட்கவில்லை. சேமிப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று ஓராண்டாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று வந்திருப்பவர்களில் சிலர், அண்ணன் தீர்க்கதரிசி, அவர் சொன்னபடியே தண்ணீர்ப் பஞ்சம் வந்தது என்று சொல்லக்கூடும். சிலர் தலையில் அடித்துக்கொண்டு, கையிலிருந்த பணத்தைப் பாறையில் போட்டார் என்று சொல்லக்கூடும். தயவுசெய்து இரண்டையும் என்னிடம் சொல்ல வேண்டாம். இரண்டும் எனக்குத் தெரியும். எனக்கு என் அண்ணன் வேண்டும்.

அவரை நாற்காலியில் சுமந்து இறக்கிய கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஜீப்பை எடுத்த விவசாயிக்கும், பெயர்த் திருத்தத்துக்காக என்னோடு படியேறி இறங்கிய தோழிகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் சமைத்துப் போட்ட பெண்களுக்கும், தொலைவிலிருந்து பஸ் ஏறி வந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணியின் பெயரை இந்த நன்றியில் நான் சேர்க்கவில்லை. அவரிடம் நான் கேட்க வேண்டியது மன்னிப்பு. அன்று அந்தக் கூடத்தில் அவரைப் பேச விடாததற்கு, நீங்கள் அத்தனை பேரும் படிக்கும் இந்த இடத்தில் கேட்கிறேன்.

தங்கை